காட்டுவதற்கு அழிவில்லாத தோட்டம்

அரசாங்கத்தின் ஒரு சதத்தைக்கூட நான் கையால் தொட்டதில்லை. இப்படித்தான் நெடுங்காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சந்தையில் சொன்னேன், கோயில் வீதியில் சொன்னேன், கலியாண வீட்டுப் பந்தியில் சொன்னேன். கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். உரமானியம் மூட்டையாக வந்த காலத்திலும் நான் போகவில்லை. பிறகு அது காசாக மாறி வங்கிக் கணக்கில் வரத் தொடங்கியபோதும் போகவில்லை. விவசாய மானியம் கொடுக்கும் கமநல நிலையத்து வாசலில் சனம் அடையாள அட்டையும் கையுமாக வரிசையில் நிற்கும் நாட்களில், நான் என் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை அந்த வழியால்தான் ஓட்டிக்கொண்டு போவேன். தோட்டத்துக்குப் போக வேறு கிட்டிய வழி இருந்தது. ஆனால் அந்த வழியால் போனால் அவர்கள் என்னைப் பார்க்கமாட்டார்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்து வைப்பேன். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மூத்த மகள்தான் எழுதுகிறாள். இடைக்கிடை திருத்தப் பார்க்கிறாள், நான் விடுவதில்லை. என் தகப்பனார் கூலிக்குத் தோட்டம் கொத்தியவர். நான் பிறத்தியாரின் கிணற்றில் துலா மிதித்துத் தொடங்கியவன். குத்தகைக்குத் துண்டுக் காணி எடுத்து, வெங்காயம் வைத்து, அந்த வெங்காயத்தில் காணி வாங்கி, அந்தக் காணியில் திரும்பவும் வெங்காயம் வைத்தேன். இன்று தெல்லிப்பழைக்கு மேற்கே ஒழுங்கையின் ஒரு பக்கம் முழுவதும் என் செம்மண். எங்கள் குறிச்சியில் முதன்முதலில் தூவல் குழாய் பூட்டித் தண்ணீர் விட்டவன் நான். அதைப் பார்க்க அளவெட்டியிலிருந்தும் ஆட்கள் சைக்கிளில் வந்தார்கள். வங்கிக்குப் போனால் முகாமையாளர் தானே எழும்பிக் கதிரை இழுத்துப் போடுவார். இதையெல்லாம் நான் சொல்லாவிட்டால் ஆர் சொல்லப்போகிறார்கள்?

எங்கள் ஊர்ப்பக்கத் தோட்டக்காரர் எல்லாருக்கும் ஒரு குணம் இருக்கிறது. தோட்டம் ஒழுங்கைக்குத் தெரிகிற பொருள். போகிறவன் வருகிறவன் எல்லாம் சைக்கிளை மெதுவாக்கிப் பாத்தியைப் பார்ப்பான். பாத்தி நூல் பிடித்ததுபோல் இருக்கவேண்டும். புல் நின்றால் அது தோட்டக்காரன் முகத்தில் நிற்கிற புல். பயிர் பட்டுப்போனாலோ, அதை நாலு பேர் கண்ணில் படக் கிடக்கவிடுவது மரியாதையில்லை. பிடுங்கி, கொத்தி, மண்ணைப் புரட்டி, அடுத்ததை வைத்துவிடவேண்டும். அப்படிச் செய்வதில் ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை. என் தோட்டத்தில் செத்த பயிரைக் கண்டவர் ஒருவரும் இல்லை. என் தோட்டத்தில் பயிர் சாவதே இல்லை என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். நானும் அதை மறுத்ததில்லை.

என் தோட்டத்துக்கு அடுத்த துண்டு ஆறு பரப்பு. என் ஒன்றுவிட்ட அக்காவின் மகள், எனக்கு மருமகள் முறை, அதைக் குத்தகைக்குச் செய்கிறாள். புருஷன் சிறுநீரக வருத்தத்தில் போய்விட்டான். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். காணிச் சொந்தக்காரர் கனடாவில். அவருடைய தமையன்தான் இங்கே இருந்து பார்க்கிறார். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் குத்தகையைப் புதுப்பிப்பார். அவர் சொல்லும் நிபந்தனை ஒன்றே ஒன்று: பூசத்துக்குக் காணி பச்சையாக இருக்கவேண்டும், வெறுமனே கிடந்தால் கேட்டு நிற்கிற வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அவளுக்குத் தண்ணீர் என் கிணற்றிலிருந்து. உழுவது என் லாண்ட்மாஸ்டர். இதற்கெல்லாம் அவள் முறையாகக் காசு தருகிறாள், சும்மா இல்லை. ஆனாலும் கிணறு என்னுடையது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வருடம் கார்த்திகை மழை வந்த விதம் வேறு. எங்கள் செம்மண் எவ்வளவு மழையையும் குடித்துவிட்டு அடுத்த நாள் கால் புதையாமல் நடக்கவிடும். அந்தமுறை குடிக்கவில்லை. பாத்திக்கு மேலே தண்ணீர் நின்றது. நின்ற தண்ணீர் வடிந்தபோது வெங்காயத் தாள் எல்லாம் முறுகி, மஞ்சளாகி, தலைமயிர் போலப் படுத்துக் கிடந்தது. ஒன்றை இழுத்துப் பார்த்தேன். தாள் கையோடு வந்தது, கிழங்கு கூழாக மண்ணிலேயே நின்றுவிட்டது. அந்த மணம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மூக்கில் ஏறினால் சோற்றிலும் மணக்கும்.

அடுத்த நாள் விடிய ஆட்களைக் கூப்பிட்டுவிட்டேன். மருமகள் வரப்பில் வந்து நின்றாள்.

“அம்மான், கொஞ்சம் பொறுத்துப் பாப்பமோ? கமநலத்திலையிருந்து ஆக்கள் அழிவு பாக்க வருவினமாம். நட்டஈடும் குடுத்து, விதை வெங்காயத்துக்கு மானியமும் குடுக்கப் போகினமாம்.”

“வந்து பாத்து? அவங்கள் பாத்தால் அழுகினது முளைக்குமோ? உன்ரை பாத்தியிலை உது கிடந்தால் நோய் என்ரை பாத்திக்கு வரும் பிள்ளை. இண்டைக்கே எல்லாத்தையும் இழுத்துப் புதைக்கவேணும்.”

“எனக்கு அந்த மானியம் வேணும் அம்மான்.”

“மானியம்! அதுகளை நம்பித்தான் நான் இவ்வளவு காணி வாங்கினனானோ? விடு. கூலியை நான் பாக்கிறன்.”

அவள் பிறகு ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அன்று பின்னேரத்துக்கிடையில் இரண்டு தோட்டமும் வழித்துத் துடைத்ததுபோல் ஆகிவிட்டது. அழுகியதெல்லாம் இரண்டு காணிக்கும் நடுவில், முன்பு வீடு கட்டக் கல் கிண்டிய பழைய குழிக்குள் போயிற்று. மேலே சுண்ணாம்பு தூவி மண் மூடினேன். நான் சொல்கிறேன், இன்றும் சொல்கிறேன், அழுகல் நோய்க்கு அதுதான் சரியான வேலை. படித்த விவசாயப் போதனாசிரியரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். வேலையில் பிழை இல்லை.

என் நாற்று மேடையில் முட்டைக்கோவா நாற்று தயாராக நின்றது. இரண்டொரு நாளில் மண் காய்ந்ததும் அதைக் கொண்டுவந்து நட்டேன். மருமகளிடம் நாற்றும் இல்லை, வாங்கக் கைக்காசும் இல்லை. அவளுடைய துண்டு உழுதபடி சிவப்பாகக் கிடந்தது. கிடந்தாலும் துப்புரவாகக் கிடந்தது.

சந்திக் கடையில் தேத்தண்ணி குடிக்கும்போது எல்லார் வாயிலும் அழிவுதான். ஒருவன் கேட்டான்:

“அண்ணை, உங்கடை வெங்காயம் என்ன பாடு?”

“என்ரை வெங்காயத்துக்கு நீந்தத் தெரியும்” என்றேன்.

கடை முழுவதும் சிரித்தது. நான் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று மகள் இப்போது எழுதும்போது சொல்கிறாள். நல்லாகச் சொன்ன பகிடியை எப்படிச் சொல்லாமல் விடுவது?

உத்தியோகத்தர் வந்தது அதற்குப் பிறகு. கமநல நிலையத்துக்குப் புதிதாக வந்த பொடியன். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மரியாதையாக நின்றான். வீட்டுக்குக் கூப்பிட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தேன். பிறகு தோட்டத்தைச் சுற்றிக் காட்டினேன். தூவல் குழாயைத் திறந்து காட்டினேன். கோவா ஒவ்வொன்றும் ஒரே உயரத்தில் நிற்பதைக் காட்டினேன். அவன் கையில் இருந்த போனால் படம் எடுத்தான்.

“ஐயா, அழிவு எந்தப் பக்கம்?” என்று கேட்டான்.

“அழிவோ? இந்த வளவுக்குள்ளை அந்தச் சொல்லே வராது தம்பி.”

“வெங்காயம் வைச்சனீங்கள் எண்டு சொல்லிச்சினம்.”

“வைச்சன். எடுத்தன். இப்ப கோவா. நான் மண்ணைச் சும்மா படுக்க விடுறேல்லை.”

அவன் மறுபக்கம் கையைக் காட்டினான். “அந்த உழுத துண்டும் ஐயாவினுடையதோ?”

“எல்லாம் நான் பாக்கிறதுதான்” என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் மருமகள் நின்றிருக்கிறாள். நான் காணவில்லை. பொடியன் எதையோ எழுதிக்கொண்டு, “ஐயாவைப் போல எல்லாரும் இருந்தால் எங்களுக்கு வேலையில்லை” என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அது நல்லாகத்தான் இருந்தது.

பின்னேரம் அவள் கிணற்றடிக்கு வந்தாள். நான் தண்ணீர்ப் பம்புக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

“அம்மான், அந்தத் தம்பியை ஒழுங்கை முகப்பிலை மறிச்சுக் கேட்டனான். என்ரை துண்டையும் உங்கடையெண்டு எழுதியிருக்கிறார். அழிவில்லை எண்டும் எழுதியிருக்கிறார்.”

“அதுக்கென்ன, நான் சொல்லி மாத்துவிக்கிறன்.”

“என்னெண்டு மாத்துவியள்? வந்து பாத்தால் என்ன கிடக்கு? என்ரை காணியிலை ஒரு அழுகின தாள் எண்டாலும் விட்டனீங்களோ?”

“விதை வெங்காயத்தை நான் வாங்கித் தாறன் பிள்ளை. பேசாமல் இரு.”

அவள் கைப்பிடிச் சுவரில் வாளியை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். “நீங்கள் வாங்கித் தந்தால் அது உங்கடை வெங்காயம். பிறகு அந்தக் காணிக்காரரும் உங்களோடைதான் கதைப்பார். ‘அம்மான்தானே செய்யிறார், உனக்கேன் குத்தகை’ எண்டுவார். நான் வைச்ச வெங்காயம் அழிஞ்சது எண்டு எழுதினால், நான் அங்கை தோட்டம் செய்தனான் எண்டும் எழுதினதாகும். எனக்கு அது வேணும். நீங்கள் எனக்கு உதவி செய்யவேண்டாம். சொன்னதை மாத்திச் சொன்னால் காணும்.”

எனக்குக் கோபம் வந்தது. என் கிணற்றடியில் நின்று என்னிடம் இப்படிப் பேசியவர்கள் இல்லை. ஆனால் அவள் போன பிறகு எண்ணெய்ப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். நானும் ஒரு காலத்தில் ஒருவருடைய காணியில் வேலை செய்து, அந்தப் பயிரை அவருடைய பயிர் என்று ஊர் சொல்லக் கேட்டவன்தான். “அவரின்ரை வெங்காயம் வடிவாய் வந்திருக்கு” என்பார்கள். நட்டது நான், இறைத்தது நான். முதற் குத்தகை எடுத்தபோது எனக்கு வருமானத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது: இனி இதை என் வெங்காயம் என்பார்கள் என்பது. அவள் கேட்டதும் அதுவேதான். ஆனாலும் அதை அவள் வாயால் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

கமக்காரர் அமைப்பின் தலைவரிடம் போனேன். அவர் எங்களுக்கு அடுத்த ஒழுங்கை. வயதில் எனக்கு இளையவர். வெங்காயத்தில் நெடுநாளாக என்னோடு போட்டி. அவருடைய தோட்டத்துப் படலையைத் திறந்ததும் மூக்கைப் பொத்தினேன். பயிர் அழுகியபடியே கிடந்தது. சுற்றிவரக் கயிறு கட்டி, ஆடு மாடு வராமல் முள்ளும் போட்டிருந்தார்.

“ஏன் காணும், உதை இன்னும் இழுக்கேல்லையோ? ஊரே நாறுது.”

“இழுத்தால் ஆர் நம்புறது? வந்து பாக்குமட்டும் அழிவையும் காவல் காக்கவேணும் அண்ணை. பயிரைக் காத்ததைவிட இதைக் காக்கிறது பெரிய வேலையாய் கிடக்கு. நேற்று ஒரு மாடு வந்து திண்ணப் பாத்தது, துரத்திப்போட்டு வாறன்.” பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீந்தத் தெரிஞ்ச வெங்காயக்காரர் இங்கை என்னத்துக்கு?”

விசயத்தைச் சொன்னேன். என் பயிரைப் பற்றிச் சொல்லவில்லை, மருமகளின் பயிரைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்கு நான் இன்றும் அவரை மதிக்கிறேன்.

“வெள்ளிக்கிழமை நிலையத்திலை கூட்டம். விடுபட்ட ஆக்களின்ரை முறைப்பாடு கேப்பினம். நீங்கள் வந்து எல்லாருக்கும் முன்னாலை சொல்லுங்கோ. நான் மட்டும் சொன்னால், என்ரை ஆக்களுக்குச் சேர்க்கிறன் எண்டு கதைப்பாங்கள்.”

“நான் வந்து நிக்கவேணுமோ?”

“இருக்கலாம் அண்ணை. கதிரை கிடக்கு.”

வெள்ளிக்கிழமை போனேன். அந்த வாசலுக்குள் நான் முதன்முதலாகக் கால் வைத்தது அன்றுதான். வரிசை வெளியே வரைக்கும் நின்றது. தலைவர் என்னை முன்னுக்குக் கூப்பிட்டார், நான் போகவில்லை. வரிசையின் பின்னால் போய் நின்றேன். நின்றபோதுதான் என் முழங்காலுக்குள் ஒரு பழைய நினைவு வந்தது. சண்டையில் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் நிவாரண அரிசிக்கு இப்படித்தான் நின்றோம். கைக்குழந்தையோடு என் மனைவி வெயிலில் நிற்க, நான் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொந்தக் காணியும் கிணறும் உள்ளவன், பார்க்கமுடியாத தூரத்தில் அவற்றை விட்டுவிட்டு, பை விரித்து நின்றேன். திரும்பி வந்து பற்றை வெட்டிக் கிணறு இறைத்த நாளில் முடிவெடுத்தேன், இனி ஒரு வரிசையிலும் நிற்பதில்லை என்று. ஒரு சதம் தொட்டதில்லை என்று நான் சொன்ன காலமெல்லாம் அந்த அரிசியைக் கணக்கில் சேர்த்ததில்லை. அரிசி சதமில்லைத்தானே.

என்னுடைய முறை வந்தது. மண்டபத்தில் கதிரை எல்லாம் நிரம்பியிருந்தது. மருமகள் பின் சுவரோரம் நின்றாள்.

“என்ரை தோட்டத்துக்குப் பக்கத்துத் துண்டு, அது நான் செய்யிறதில்லை” என்றேன். “என்ரை மருமகள் செய்யிறது. அதிலை வெங்காயம் முழுக்க அழிஞ்சது.”

“அங்காலை அழிஞ்சு இங்காலை அழியேல்லையோ?” என்று ஒரு குரல். “தண்ணி வேலியைப் பாத்துத் திரும்பிப் போட்டுதாக்கும்!”

“இல்லையடா, அண்ணையின்ரை வெங்காயம் நீந்திக் கரைக்கு வந்திட்டுது. மருமகளின்ரைக்கு நீச்சல் பழக்கேல்லை!”

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. உத்தியோகத்தர் பொடியன் மட்டும் சிரிக்கவில்லை. தன் முன்னால் கிடந்த கடுதாசியைப் பார்த்தான்.

“ஐயா, அண்டைக்கு அழிவில்லை எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். நான் கண்டதும் உழுத நிலம்தான். காணாததை நான் எப்பிடி எழுதுறது?”

“காட்டுறன். வாருங்கோ” என்றேன். “குழி கிடக்கு. தோண்டிப் பாருங்கோ.”

அன்று மதியமே வந்தார்கள். வந்தது பொடியனும் தலைவரும் மட்டுமல்ல. கூட்டத்தில் இருந்த பாதிப்பேர் சைக்கிளில் பின்னால் வந்துவிட்டார்கள். என் தோட்டத்து வரப்பில் அவ்வளவு பேர் நின்றது தூவல் குழாய் பூட்டிய நாளுக்குப் பிறகு அன்றுதான். மண்வெட்டியை நானே எடுத்தேன். மேல் மண்ணை இழுத்தேன், சுண்ணாம்பு வந்தது. சுண்ணாம்பைத் தள்ளினேன், மணம் வந்தது. பொடியன் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்தினான். கூழுக்குள் வெங்காயத்தின் சிவப்புத் தோல் அப்படியே நிறம் மாறாமல் இருந்தது. வாரி அள்ளலாம் போல.

தலைவர் குனிந்து பார்த்தார். கால் வைத்து அளந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பேசியது பொடியன்தான்.

“ஐயா, குழி பெரிசு. ஆறு பரப்பு வெங்காயம் இவ்வளவுக்கு வராதே.”

நான் சரிந்த மண்ணை மண்வெட்டியால் ஒதுக்கினேன்.

“இதுக்குள்ளை ரெண்டு தோட்டத்தின்ரையும் கிடக்குதோ?”

“கிடந்தால் என்ன தம்பி? எனக்கு ஒண்டும் வேண்டாம். அவளின்ரையை எழுதுங்கோ.”

“அப்பிடி எழுத ஏலாது ஐயா. உங்கடை பேரிலை அழிவில்லை எண்டு கிடந்தால் இந்தக் குழி ஆரின்ரை? நாளைக்கு மேலையிருந்து வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது? ஒரே குழி, ஒரே மழை. எழுதினால் ரெண்டு பேருக்கும் எழுதவேணும். இல்லாட்டி ரெண்டு பேருக்கும் இல்லை.”

வரப்பில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மருமகள் தன் துண்டுப் பக்கத்தில் நின்று உழுத மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். கேட்கிற கண்ணுக்குக் கொடுப்பது எனக்குப் பழக்கம். அவள் கேட்கவில்லை.

அழிந்தது என்று சொல்வதில் என்ன இருக்கிறது என்று இளையவர்கள் நினைக்கலாம். மழைக்கு அழிந்தது, நான் அழிக்கவில்லையே. ஆனால் நான் கட்டியெழுப்பியதெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டதில்தான் நின்றது. இடம்பெயர்ந்து வந்தபோது சொல்லவில்லை. ஒருமுறை உருளைக்கிழங்கு முழுவதும் கருகியபோது சொல்லவில்லை. சொல்லாமல் அடுத்ததை நட்டேன். அது என்னைத் தூக்கி நிறுத்தியது, பொய்யில்லை. ஆனால் மானியத்துக்கு அது விளங்காது. அது கண்ணால் கண்ட அழிவுக்குத்தான் கை நீட்டும். என்னைப்போல ஒருவன் தன் அழிவை மூடினால், அவனுக்குப் பக்கத்தில் நிற்பவளின் அழிவும் சேர்ந்து மூடுபட்டுவிடும். கிணறும் உழவும் பொதுவாக இருந்தபோது நான் அதை யோசிக்கவில்லை.

“எழுதுங்கோ தம்பி” என்றேன். “என்ரையும் அழிஞ்சது.”

“எவ்வளவு ஐயா?”

“வைச்சது முழுக்க.”

அவன் எழுதினான். நான் கையெழுத்து வைத்தேன். எழுத்துக் கொஞ்சம் கோணியது, மண்வெட்டி பிடித்த கை. மருமகளும் வந்து தன் பெயருக்கு நேரே வைத்தாள். அவளுடைய எழுத்து வடிவானது, பத்தாம் வகுப்புவரை படித்தவள். வரப்பில் நின்ற ஒருவன் மெதுவாகச் சொன்னான்: “அண்ணையின்ரையும் அழிஞ்சு போட்டுதாம்.” அதில் நக்கல் இல்லை. அவனுக்கு ஏதோ ஆறுதல்போல் இருந்தது. அதுதான் எனக்குப் புதினமாக இருந்தது.

பிறகு குழியை நானே மூடினேன்.

தை பிறந்து சில நாட்களில் என் போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. கிணற்றடிக்கு வந்த மருமகளிடம் நீட்டினேன்.

“பாங்கிலையிருந்து அம்மான். அழிவுக் காசு வந்திட்டுது.”

“உனக்கோ எனக்கோ?”

“இது உங்கடை போன், உங்களுக்குத்தான். எனக்கும் காலமை வந்தது.”

“அப்ப என்ரையையும் நீ எடு பிள்ளை. விதை வெங்காயம் விலை ஏறிக் கிடக்கு. உன்ரை காசு காணாது.”

“காணும். தலைவரிட்டை மானிய விதைக்கும் பேர் குடுத்திட்டன்.” போனை என் கையில் திருப்பி வைத்தாள். “உங்கடை உங்களுக்கு. உங்கடை வெங்காயமும் அழிஞ்சதெல்லோ?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் என்னை விடுவதாக இல்லை.

பூசத்துக்கு முந்தின கிழமை நட்டாள். நடுகைக்கு ஆள் பிடித்தது அவள், கூலி கொடுத்தது அவள். நான் வேலியோரம் நின்று பார்த்தேன். பாத்தி நூல் பிடித்ததுபோல் இருந்தது, அது என் தோட்டத்தைப் பார்த்துப் பழகியது என்பதை நான் சொல்லத்தான் செய்வேன். காணிக்காரரின் தமையன் பூசத்தன்று வந்தார். முளை பச்சையாக எழும்பி நின்றது. பழக்கதோசத்தில் என்னிடம் வந்து, “என்ன, இந்த வருசமும் செய்யிறியளோ?” என்றார்.

“என்னைக் கேக்காதேங்கோ. செய்யிற ஆள் அங்கை நிக்குது” என்று கையைக் காட்டினேன். அவர் வரப்பைக் கடந்து அவளிடம் போனார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் தலையை ஆட்டுவது தெரிந்தது. பிறகு மண்வெட்டியை எடுத்து வாய்க்காலைத் திருப்பினாள்.

என் பங்குக் காசு கணக்கில் சில காலம் கிடந்தது. எதற்கு எடுப்பது என்று தெரியவில்லை. உழைத்த காசுக்கு எனக்கு வழி தெரியும். இதற்குத் தெரியவில்லை. கடைசியில் இரண்டு தோட்டத்துக்கும் நடுவால், குழியைச் சுற்றிப்போய் வெள்ளவாய்க்காலில் விழுகிற மாதிரி ஒரு வடிகால் வெட்டுவித்தேன். சீமெந்து பூசிய வடிகால், எங்கள் குறிச்சியில் தோட்டத்துக்கு அப்படி ஒன்று போட்டது நான்தான் முதல். சந்திக் கடையில் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒருவன் கேட்டான்:

“அப்ப அண்ணைக்கும் மானியம் வந்ததோ?”

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். கடை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஓம்” என்றேன். “வந்தது.”